வாசல் நோட்டு

"உங்கள்ல யாரோ ஒருத்தர் எனக்குத் துரோகம் பண்ணிட்டீங்க!"

வண்டியைச் சரியாகக்கூட நிறுத்தாமல், வாசல் தொட்டியை ஒரே தாண்டாகத் தாண்டி, கொட்டிலுக்குள் வந்து நின்று முசன்னி கத்தினார். கத்திய வேகத்தில் குரல் பிசிறி ஆட்டுக்குட்டி மாதிரி முடிந்துவிட்டது. மாமியார் போன மாதம் வாங்கித் தந்த தோல் ஷூவும் கூடவே 'கீச்' என்றது.

யாரும் சிரிக்கவில்லை. மாட்டுக்காரர்கள் பதினேழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

வரிசையாகக் கட்டியிருந்த செவலைக் காளைகளின் வாயில் எச்சில் நூல்நூலாக ஒழுகியது. குளம்புப் புண் தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தன. கோமாரி. பக்ரீத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். நோய் கண்ட காளையைக் குர்பானிக்கு எவன் வாங்குவான்?

லொம்போக் தீவில் முசன்னி மாடு வளர்ப்புப் பயிற்சி நடத்தும் நாற்பது ஊர்களில், அவர் வாயைத் திறந்தால் மாடுகளுக்கே கொட்டாவி வரும். இந்த ஊரில்தான் 'பாக் குரு, பாக் குரு' என்று வாத்தியார் மரியாதையோடு கூப்பிட்டு, சொன்னதை எல்லாம் செய்தார்கள். செய்தார்கள் என்றுதான் நம்பியிருந்தார்.

"என்ன சொல்லிக் குடுத்தேன்? சந்தையில வாங்குன மாட்டப் பதினாலு நாள் தனியாக் கட்டணும். மருந்துத் தொட்டியில காலை முக்காம யாரும் உள்ள வரக் கூடாது. அசலூர் ஆளு வந்தா நோட்டுல ஏத்தணும். எதை மீறினீங்க? யாரு மீறினது?"

குழுத் தலைவர் அமாக் ருமேனாவிடம் திரும்பினார். அமாக் என்றால் அங்கே அப்பா; மகள் ருமேனாவை நர்ஸ் படிப்பில் சேர்க்க அவர் நம்பியிருந்த காளைதான் முதலில் படுத்தது.

"போன வாரம் சந்தைக்குப் போனது நீங்கதானே?"

"கயிறு வாங்கப் போனேன், பாக் குரு."

"கயிறு மட்டுந்தானா? அது முனையில ஒரு மாடும் தொங்கிக்கிட்டு வந்துச்சா?"

அமாக் ருமேனா மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, நான்தான்னே வச்சுக்குங்க. காப்பி ஆறுது, குடிங்க."

முசன்னிக்குக் கண் கலங்கியது. பாடம் நடத்தும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய மனுஷன்!

"நீங்களா? தலைவரே இப்படிக் கழுத்தறுத்தா நான் யாரை நம்புறது? கொட்டில் சாவியக் கீழ வைங்க. இனிமே குழுவுல உங்களுக்கு இடமில்ல."

பெரியவர் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தார்.

"போதும் அமாக்!" வாசல் காவலுக்கு இருக்கும் இனாக் சஹ்னெப், அதாவது சஹ்னெப்பின் அம்மா, விருட்டென்று எழுந்தாள். இவ்வளவு நேரமும் அவள் உட்கார்ந்திருந்தது நோட்டின் மேல்.

"நீ சும்மா இரு, இனாக்" என்று அமாக் பதறினார். அதற்குள் முசன்னி நோட்டைப் பிடுங்கிவிட்டார்.

"ஓகோ, இதை ஒளிச்சுத்தான் உக்காந்திருந்தீங்களா!"

அவரே கோடு போட்டுக் கட்டம் பிரித்துக் கொடுத்த நோட்டு. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. விரலை வைத்து உரக்கப் படித்தார்.

"பதினோரு நாளைக்கு முன்னாடி. எங்கேயிருந்து? மலையடி ஊரு, சீக்கு மாட்டுக் கொட்டில். காலை முக்கினாரா? இல்ல! அடப்பாவி! பேரு... பேரு எங்க? பேரை மட்டும் எழுதாம விட்டிருக்கீங்களே! யாருங்க அந்தப் படுபாவி?"

இனாக் சஹ்னெப்பின் பார்வை மெல்ல இறங்கி அவர் பாதத்தில் நின்றது.

"ஷூ புதுசு, நனைஞ்சா வீணாப் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க, பாக் குரு?"