துடைக்காமல் விட்ட இடம்

நார் போட்டுத் தேய்த்தால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, சமையலறை அலமாரியின் ஆறு கதவுகளையும் ஒரு நாள் முழுக்கத் துடைத்தார் அமலதாஸ். கிறிஸ்துமஸுக்கு வீடு தயாராக வேண்டுமே. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய் இளநீலம் பளிச்சென்று வந்துவிட்டது.

"எப்படி இருக்கு ஸ்டெல்லா?"

"புதுசாட்டம் இருக்குங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை எண்ணெய் காய்ந்ததும் ஸ்டெல்லா கடுகுக்குக் கை நீட்டினாள். விரல்கள் ஒரு கதவைத் தடவின, அடுத்ததைத் தடவின, திரும்பவும் முதல் கதவுக்கே வந்தன. திறந்தால் உள்ளே தட்டுகள். எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, வழுவழுத்த கதவில் உள்ளங்கையை வைத்தபடியே நின்றாள். அவர் சமையலறை வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் கைவிட்ட கண்களில் இன்னும் பாதிப் பார்வை இருக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். இத்தனை நாள் அவள் எதைத் தடவிப் பார்த்துச் சமைத்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் குளிக்கப் போனதும், நல்லெண்ணெயில் துளி அரிசிமாவைக் குழைத்து, கடுகு இருக்கும் கதவின் கைப்பிடி ஓரம் விரலால் அப்பினார்.

மதியத் தாளிப்பில் அவள் விரல் அங்கே வந்து நின்றது. கட்டைவிரலோடு தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இந்த இடத்தத் தொடைக்காம விட்டுட்டீங்களே."

"கவனிக்கல. தொடச்சிரட்டுமா?"

கடுகு வெடித்து அடங்கியதும், பிசுக்கே இல்லாத பக்கத்துக் கதவைத் தடவினாள்.

"இருக்கட்டுங்க. புளி இருக்கிற கதவையும் சரியாத் தொடைக்கல நீங்க."