வியாழக்கிழமை எட்டு

“பாருங்க டாக்டர். உங்க பேஷண்ட் பண்ற லட்சணத்த நீங்களே பாருங்க!”

சைமன்ராஜ் அந்த நாற்பது பக்க நோட்டை மேசைமேல் டொப்பென்று போட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் ரெஜினாவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. திருட்டு முழி வேறு எப்படி இருக்குமாம்?

டாக்டர் திலகவதி சனிக்கிழமைதோறும் மெயின் பஜார் பக்கத்து கிளினிக்குக்கு வருபவர். “மொதல்ல உட்காருங்க சார்” என்றார்.

“பரவால்லீங்க, நின்னுக்கினே சொல்றேன்.”

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ரெஜினாவுக்கு ஒரு வருடமாக முட்டியிலும் இடுப்பிலும் வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் ஒன்றும் சிக்கவில்லை. எதிலும் சிக்காத வலி என்றால் அது பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிற வலிதான் என்பது சைமன்ராஜின் தீர்ப்பு.

இந்த டாக்டரோ, ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி நிஜம்தான் என்று சொல்லிவிட்டார். சின்னச் சின்னப் பயிற்சிகள் கொடுத்தார். பூஜ்யத்திலிருந்து பத்துவரை அன்றன்றைய வலிக்கு ஒரு எண் போட்டு நோட்டில் எழுதிவரச் சொன்னார்.

பொய் சொல்கிறவள் கையிலேயே பேனாவைக் கொடுத்தால் உருப்படுமா? இரண்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார் சைமன்ராஜ். இன்று காலை மகளின் தலையணை உறைக்குள் நோட்டு சிக்கியது. பேர்கூட எழுதாத நோட்டு. உள்ளே தேதியும் எண்ணும் மட்டும்.

“வியாழக்கிழமையப் பாருங்க. எட்டு போட்டிருக்கா. அன்னிக்கு ஓவர்டைம் முடிச்சி சாயந்தரம் ஆறு மணிக்கு வூட்டுக்கு வரேன். வாசல்லயே வந்து, கீழ உக்காந்து, என் ஷூவக் கழட்டி வுடறா டாக்டர்! சிரிச்சிக்கினு! எட்டு வலிக்கிற புள்ள குனிஞ்சி ஷூ கழட்டுமா?”

டாக்டர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா தரையைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு வீக்லி ஆஃப். சர்ச்சுக்குப் பூசைக்குக் கூப்புட்டா, எழுந்திரிக்கவே முடியலன்னு அழுவுறா. அவ அம்மா வெந்நீர் ஒத்தடம் குடுக்குறா. நோட்டுல என்னா? ரெண்டு! ஒண்ணு அந்த அழுகை பொய், இல்ல இந்தக் கணக்கு பொய்.”

“அப்பா, அது வந்து…”

“நீ வாயத் தொறக்காத ரெஜி!”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறாளே! கையும் களவுமாகப் பிடித்த பெருமை ஒரு பக்கம். பெற்ற பிள்ளையே ஏமாற்றிவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல் மறுபக்கம்.

“பதினெட்டு வருசமா மைன்ஸ்ல டம்பர் லாரி ஓட்டறேன் டாக்டர். அது குலுக்குற குலுக்குல கொடலே வெளிய வந்துடும். ஒரு நாள், ஒரே நாள், வலிக்குதுன்னு எவன்கிட்டயாவது சொல்லியிருக்கனா? எம் பொண்டாட்டிகிட்ட கூட சொன்னதில்ல. இவ என்னடான்னா நம்பர் போட்டு நாடகம் ஆடறா.”

“சார், கொஞ்சம் பொறுமையா…”

“இன்னியோட இந்த வைத்தியம் போதும். எங்க அக்கா திருச்சியில இருக்காங்க. திங்கக்கிழமையே அங்க கொண்டுபோய் வுட்டு, அங்கியே ஸ்கூல்ல சேத்துடறேன். எங்க அக்காகிட்ட இந்த நடிப்பெல்லாம் செல்லாது.”

ரெஜினாவின் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏதோ இடறியதுபோல் நிறுத்தினார். பிறகு தன் கைக்கு அடியில் இருந்த இன்னொரு நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நீல அட்டை. மேலே கொட்டை எழுத்தில் எஸ்.ரெஜினா.

“ரெஜினாவோட நோட்டு இதுதான் சார். வெளியில எடை பாக்கும்போதே நர்ஸ் வாங்கி எங்கிட்ட குடுத்துட்டாங்க. இதுல ஞாயித்துக்கிழமை எட்டு. வியாழக்கிழமை மூணு. நீங்க சொன்னதோட அப்படியே ஒத்துப்போகுது.”

சைமன்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நோட்டா! எமகாதகி!

“அப்ப இது என்னாடி? இது யாரு கணக்கு?”

வெடுக்கென்று இழுத்ததில் நோட்டு கைதவறித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி பல்லைக் கடித்தார்.

ரெஜினா மெல்லக் குனிந்து நோட்டை எடுத்தாள். டாக்டரின் பேனாவை வாங்கி, இன்றைய தேதி போட்டு, அதற்கு நேராக ஏழு என்று எழுதினாள்.

“உங்களோடதுப்பா.”