பொற்கொடியின் பெட்டி

வெள்ளம் எதுவரை வரும் என்று வரைபடம் போடுகிறவர், அதில் மிகத் தாழ்வான வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். பாய்ம இயக்கவியல் பேராசிரியர் பொற்கொடி பத்தொன்பது வருடமாக ஆற்றோரத்துக் கடைசி வீட்டில் இருக்கிறார். சைரனைத் தெருவில் யாரும் நம்புவதில்லை. அவர் வாசலைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை கருத்தரங்குக்குப் பெட்டியோடு கிளம்பினார். அரைமணியில் தெருவே காலியானது. அதன்பிறகு, அம்மா இறந்தபோதுகூட மாற்றுப்புடவை எடுக்காமல்தான் ஊருக்குப் போனார்.

இன்று காலை, கணக்கை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

"மழையே இல்லையே, புரொபசரம்மா?" என்றாள் எதிர்வீட்டு சபுரா.

"மேலே அணை நிரம்பிடுச்சு. பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பு."

பெட்டிக்குள் அவர் ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. அதைத் தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று, மேட்டை நோக்கி நடந்தார்.