டிரம்மில் இருந்தது

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற இன்பசேகரனுக்கு, மனு போட்டுத் தன்னைப் பார்க்க வந்திருக்கும் பெண் யாரென்று தெரியவில்லை.

“நான் செண்பகம். உன் ஷெட்ட சுத்தம் பண்ணப் போன வேலாயுதம் என் வீட்டுக்காரரு” என்றாள்.

காலையிலிருந்து வேலூர் ஜெயில் வாசலில் நின்ற களைப்பு அவள் குரலில் இருந்தது.

ராணிப்பேட்டைக்கு வெளியே, தோல் உலர்த்தும் பழைய ஷெட் ஒன்றில்தான் இன்பசேகரன் போதை மாத்திரை தயாரித்தான் என்பது கேஸ். கெமிஸ்ட்ரி படித்தவன். ரெய்டு வந்த போலீஸ் மாத்திரையையும் மெஷினையும் அள்ளிக்கொண்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு போனது. கெமிக்கல் இருந்த டிரம்களை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் பூட்டி சீல் வைத்தது.

இப்போது ஷெட்காரர் கோர்ட் உத்தரவு வாங்கித் திறந்துவிட்டார். மறுபடி தோல் அடுக்க வேண்டும். சுத்தம் செய்ய வேலாயுதத்தைக் கூப்பிட்டார்.

அடி துருப்பிடித்த டிரம் ஒன்று, உருட்டும்போது பிளந்துகொண்டது. எண்ணெய் மாதிரி ஏதோ அவர் தொடையிலிருந்து கால்வரை கொட்டியது. சாக்கால் துடைத்துவிட்டு, நனைந்த லுங்கியோடே பொழுது சாயும் வரை வேலை பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது உதடு நீலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மேலே பட்டது என்னவென்று தெரிந்தால் அதற்குத் தக்க மருந்து கொடுக்கலாம் என்றார். ஷெட்காரருக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனில், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றார்கள்.

“செஞ்சவனத்தான் போய்க் கேக்கணும்” என்றார் அங்கிருந்த ஏட்டு. விளையாட்டாகத்தான் சொன்னார்.

அவள் கேட்க வந்துவிட்டாள்.

மேலே கொட்டியதையும் டாக்டர் கேட்டதையும் அவள் சொல்லக் கேட்டு இன்பசேகரன் தரையைப் பார்த்தான். நீ அங்கே வெறும் கணக்குப்பிள்ளை, டிரம்மில் இருந்தது என்னவென்றே உனக்குத் தெரியாது என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைத் தவிர வேறு எதையும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. போதை மருந்துக்கென்றே வந்திருக்கும் புதுச் சட்டம். நிரூபித்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாது.

வார்டர் கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் பேசுவதைக் கேட்டபடி நின்றார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

“உன் கேஸப் பத்திப் பேச நான் வர்ல தம்பி. அது இன்னாதுன்னு மட்டும் சொல்லு.”

அவள் அழவில்லை. திட்டவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் வார்டரை ஒருமுறை பார்த்தான். பிறகு சொன்னான்.

நீளமான இங்கிலீஷ் பெயர். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், தப்பாக வந்தது. அவன் உடைத்து உடைத்துச் சொல்லிக் கொடுத்தான்.

“சாயத்துக்குப் போடற சரக்குக்கா. மேல பட்டாப் போதும், தோல் வழியாவே உள்ள போய்டும். துணி நனைஞ்சா அப்பவே அவுத்துப் போட்டுட்டு சோப்புப் போட்டுக் கழுவணும்.”

“கைக்கு கிளவுஸ் போட்டா ஆகுமா?”

“அது மட்டும் பத்தாது. காலுக்கு பூட்ஸ் வேணும். ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கணும். நெருப்பு ஆகாது, பீடி கூடப் பத்த வைக்கக் கூடாது.”

வேலாயுதம் செய்யாமல் விட்டதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள் என்று அவன் நினைத்தான். வார்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் அவனால் நிறுத்த முடியவில்லை. எந்த டிரம்மில் என்ன, எதில் தண்ணீர் படக் கூடாது, எதைத் திறக்கவே கூடாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“போதும், நேரமாச்சு” என்று வார்டர் அவன் தோளைத் தொட்டார்.

“நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. அந்தப் பேர டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஊசி இருக்குது. பொழச்சுக்குவாரு.”

செண்பகம் வலையிலிருந்து கையை எடுத்தாள்.

“அவர அடக்கம் பண்ணியாச்சு தம்பி” என்றாள். “மிச்ச டிரம்மெல்லாம் அப்படியே கெடக்குது. அந்த வேலைய ஷெட்டுக்காரரு எனக்குக் குடுத்திருக்காரு. நாளைக்குப் போகணும்.”