சிவப்புத் துணி கட்டின சட்டி

"மாமா செஞ்சாத்தான் சாப்பிடுவேன்!"

பாப்பா தட்டைத் தள்ளினதும், அவ அப்பன் தையக்காரருக்கு வயித்துக்குள்ள யாரோ குடமிளகாய வதக்கின மாதிரி ஆயிடுச்சு.

மாமான்னா பொண்டாட்டியோட அண்ணன். பஸ் டிரைவர். லீவு விட்டா வந்து நிப்பாரு, சாசேஜும் குடமிளகாயும் போட்டு பாஸ்தா கிண்டுவாரு. வீடே தட்டை வழிச்சு நக்கும். தையக்காரரும் நக்குவாரு. மூஞ்சிய மட்டும் உர்ருன்னு வச்சுக்குவாரு. இன்னிக்குப் பொறுக்கல, மச்சானுக்கு போனைப் போட்டாரு.

"பஸ் ஓட்டற கைக்கே இவ்ளோ பேருன்னா, ஊசில நூல் கோக்கற கைக்கு வராதா? மச்சான், இந்தத் தடவை ரெண்டு சட்டி. ஒண்ணு உங்களது, ஒண்ணு என்னுது. பாப்பா தின்னுட்டு சொல்லட்டும்."

"போட்டியா மாப்ள? ஆகட்டுமே!" மச்சான் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் இவருக்கு ஆகவே ஆகாது.

லீவும் வந்துச்சு. ரெண்டு பேரும் கொத்துக்கறிய குடல் தோலுக்குள்ள அடைச்சாங்க. மச்சான் கையாலயே முறுக்கி முறுக்கி விட்டாரு. இவரு விடுவாரா? நீல நூலை எடுத்து, கோட்டு பட்டனுக்குப் போடற மூணு சுத்து முடிச்சாப் போட்டு இறுக்கினாரு.

"ஏங்க, அது சாசேஜா, சட்டைக் கையா?" பொண்டாட்டி கேட்டா.

"சும்மா இருடி. என் முடிச்சு என்னிக்காவது பிரிஞ்சிருக்கா?"

வீட்டுல ரெண்டும் ஒரே மாதிரி சட்டி. மாறிடக் கூடாதேன்னு தன் சட்டி கைப்பிடில ஒரு சிவப்புத் துணிய இறுக்கிக் கட்டினாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. கை இவரு அடுப்புல, கண்ணு பக்கத்து அடுப்புல. பாஸ்தா வேகற தண்ணில மச்சான் ஒரு புடி உப்பு போட்டா, இவரு ஒன்றரை. மச்சான் குடமிளகாய்ல ஒரு சிட்டிகைன்னா, இவரு ரெண்டு. தன் பங்கு கறில வேற முன்னாடியே உப்பை அள்ளிப் போட்டாச்சு! சாசேஜ வறுத்து, நூலை உருவி, வில்லை வில்லையா நறுக்கிக் கலந்தாரு.

"வாயில கொஞ்சம் போட்டுப் பாருங்க மாப்ள."

"ட்ரையல் பாக்கறவன் கத்துக்குட்டி மச்சான். நமக்கு ஒரே அளவுதான்."

மூடி வச்ச நேரம் பாத்து வாசல்ல ஒரு ஆளு, பேண்ட் ரெடியான்னு. போய்க் குடுத்தாரு. இடுப்பு இறுக்குதேன்னு அவரு முனக, "வயித்தை உள்ள இழுங்க"ன்னு அனுப்பி வச்சுட்டுத் திரும்பினாரு. மச்சான் மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு.

பாப்பா மொதல்ல துணி கட்டாத சட்டிலேர்ந்து ஒரு வாய் வாங்கினா.

"தூ! மாமா, ஒரே உப்பு!"

தையக்காரர் மூஞ்சில பல்பு எரிஞ்சுது.

அடுத்தது துணி கட்டின சட்டி. மென்னா. முழுங்கினா. தட்டை நீட்டினா.

"அப்பா, இன்னும்! மாமாவ விட நீங்கதாம்ப்பா சூப்பரு!"

எத்தனை நாளா ஏங்கின வார்த்தை! மனுசன் ஒரு இஞ்சு வளந்துட்டாரு.

"அப்படியே எங்கண்ணன் கைப்பக்குவங்க," பொண்டாட்டி சப்புக் கொட்டினா.

"உங்கண்ணன் கைப்பக்குவம் அந்தச் சட்டில கெடக்கு. போய்த் தின்னு பாரு!"

அவ கைய நீட்டறதுக்குள்ள மச்சான் அந்தச் சட்டிய தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. "வேணாம்மா. கை தவறிடுச்சு. கறிய வீணாக்குவானேன், நானே தின்னுக்கறேன்."

"பிரேக் புடிக்கறப்ப தவறிடப் போகுது மச்சான்! பஸ்ஸு நெறைய ஆளு!"

மச்சான் சிரிச்சாரு. இன்னொரு டம்ளர் தண்ணி குடிச்சாரு.

ஜெயிச்ச குஷில தையக்காரரே தட்டு கழுவப் போனாரு. பாட்டு வேற. மச்சான் தட்டை குழாய்க்கு அடியில காட்டினா, ஓரத்துல என்னமோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுரண்டி எடுத்தாரு. இழுத்துப் பாத்தாரு. பிரியல.

நீல நூலு. மூணு சுத்து முடிச்சு.

பாட்டு நின்னு போச்சு. அடுப்புப் பக்கம் திரும்பினாரு. சட்டி கைப்பிடில சிவப்புத் துணி தொளதொளன்னு தொங்குது, முடிச்சுப் போடத் தெரியாத எவனோ அவசரத்துல கட்டின மாதிரி.

உள்ளேர்ந்து பாப்பா கத்தினா: "அப்பா, அடுத்த லீவுக்கும் நீங்கதான் செய்யணும்!"

"ஆமாமா, மாமா வெறும் வாயோடதான் வருவேன்!" இது மச்சான்.

தையக்காரர் ஒரு ஜக்கு நெறைய தண்ணி புடிச்சாரு. கொண்டு போய் மச்சான் முன்னாடி வச்சாரு. பாப்பா காதுல நல்லா விழற மாதிரியே சொன்னாரு:

"குடிங்க மச்சான். அந்த உப்பு என்னுது."