விடுபட்ட பெயர்

வரலாற்றுப் பேராசிரியை பேட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அப்பா தொலைக்காட்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஆலை வேலைநிறுத்தத்தைப் பத்தி அருமையாத்தான் பேசின. உன் புத்தகத்துக்கு விருது சும்மாவா குடுத்தாங்க? ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் மென்னு முழுங்கிட்ட.”

“எதுக்குப்பா?”

“தொழிலாளிங்களைச் சுடச் சொல்லி உத்தரவு போட்ட அதிகாரி யாருன்னு கேட்டாங்களே.”

“ஆதாரம் கிடைக்கலைன்னு சொன்னேன்.”

“உன் மாணவன் இப்படிப் பூசி மெழுகினா மார்க் போடுவியா?”

அவள் தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

“அடுத்த பேட்டிக்கு என்னையும் கூட்டிட்டுப் போம்மா.”

“வேணாம்ப்பா. ஊரே உங்களைக் காறித் துப்பும்.”

“துப்பட்டும். செத்தவங்களோட பிள்ளைங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருப்பாங்க? சுடச் சொன்ன வாயே அவங்ககிட்ட உண்மையைச் சொல்லட்டும்.”