கொக்கின் இடது மூலை

வலைக்கு அந்தப் பக்கம் அணில் வந்து நின்றதைப் பார்த்ததும் கொக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன மாதம்வரை இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் இரண்டும் ஒரே ஜோடி. நாடு நாடாகப் போய்க் கோப்பை வாங்கியவை. கொக்கின் ஆட்டத்தில் குறையே கிடையாது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதைக் கொக்கும் நம்பியது. அதனால்தான் அணிலைக் கழற்றிவிட்டது.

"ஒரு இடத்துல நிக்கமாட்டியா நீ? எப்பப் பாரு, என் காலுக்குள்ள புகுந்து இடது மூலைக்கு ஓடுறே!" என்று எல்லார் முன்னாலும் கத்தியது.

அணில் மட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒரு முயலோடு சேர்ந்துகொண்டது. கொக்கு தன் உயரத்துக்கு ஏற்ற ஒரு நாரையைப் பிடித்தது. நாரை நின்ற இடத்தை விட்டு அசையாது. கொக்குக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இன்று புது ஜோடிகளின் முதல் ஆட்டம்.

"சௌக்கியமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அணில் பந்தைக் கொக்கின் இடது மூலைக்குத் தூக்கி அடித்தது. கொக்கு திரும்புவதற்குள் பந்து தரையில் கிடந்தது. அடுத்த பந்தும் அங்கேயே விழுந்தது. அதற்கடுத்ததும் அங்கேயேதான்.

"அடப்பாவி!" நாரை அலறியது. "உனக்கு அந்த மூலை எடுக்கவே வராதா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

கொக்கு திறந்த அலகை மூடாமல் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்கே இப்பத்தானே தெரியுது" என்றது.